பிறரோடு பேசிப் பழகும் துணிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சுப் பயிற்சிக் குழு ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். வருகிறவர்களின் வயதும் தொழிலும் வேறுபட்டாலும், வகுப்பு முடிந்த பின் தனியே வந்து தயங்கித் தயங்கி அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்பு சொன்னவற்றைச் சுட்டுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

தன்னம்பிக்கை பிறவியிலேயே வருவதுதானே? எனக்கு வாய்க்கவில்லை என்று விட்டுவிட வேண்டியதுதானா?

சிலர் இயல்பிலேயே கலகலப்பானவர்கள், சிலர் ஒதுங்கி இருப்பவர்கள் என்பது உண்மைதான். ஆனால் "இந்தக் காரியம் என்னால் முடியும்" என்ற நம்பிக்கை அந்த இயல்போடு ஒட்டிப் பிறப்பதில்லை; அது காரியத்துக்குக் காரியம் மாறும். நூறு மாணவர்கள் முன்னால் தடங்கலின்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், அறிமுகமில்லாத நால்வர் கூடிய இடத்தில் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்று ஒரே சொல்லில் விடை கூற முடியாது.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977இல் இந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டென்று எழுதினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடலின் படபடப்பைத் தான் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதே மற்ற மூன்றையும்விட வலியது. அதனால்தான் "துணிவு வந்ததும் பேசுகிறேன்" என்று காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். துணிவை உண்டாக்கும் அனுபவத்தையே அவர்கள் தள்ளிவைத்துவிடுகிறார்கள்.

நான் அதிகம் பேசாதவள். அதைக் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

பேச விரும்பாமல் இருக்கிறீர்களா, பேச விரும்பியும் முடியாமல் இருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முன்னது இயல்பு; அதை யாருக்காகவும் மாற்ற வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாலும் அதைத் தயக்கமின்றிச் சொல்லக்கூடியவர் தன்னம்பிக்கை உள்ளவரே. நாக்கு நுனி வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் வருந்துகிறவருக்காகத்தான் மீதிப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

எங்கே போனாலும் எல்லோரும் என்னையே கவனிப்பது போல் இருக்கிறது. இது என் கற்பனையா?

பெருமளவு கற்பனைதான். ஆனால் அது எல்லோருக்கும் உள்ள கற்பனை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்தி 2000இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், அணிந்தால் மாணவர்கள் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை ஒருவருக்கு மாட்டி, மற்றவர்கள் அமர்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்தபின், பனியனில் இருந்தவர் யார் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள்; உண்மையில் கவனித்தவர்கள் நால்வரில் ஒருவர் என்ற அளவுக்குத்தான் இருந்தார்கள்.

"யாருமே உன்னைப் பார்ப்பதில்லை" என்று தேற்றுகிறவர்களை நான் நம்புவதில்லை, ஏனென்றால் அந்த நால்வரில் ஒருவர் பார்க்கத்தான் செய்தார். நாம் நினைக்கும் அளவில் பாதிப் பேர்தான் பார்க்கிறார்கள் என்பதே சரியான ஆறுதல். என் முதல் மேடைப் பேச்சில் குறிப்புத் தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றேன். அதை இன்றுவரை நினைவில் வைத்திருப்பவன், நான் விசாரித்த வரையில், நான் ஒருவன்தான்.

குரல் நடுங்குகிறது, கை வியர்க்கிறது. எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமே?

சிறிது தெரியும், நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தெரியாது. நெஞ்சு அடிப்பது உங்களுக்கு முரசு போல் கேட்கிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. இந்த எளிய உண்மையை உள்ளிருந்து உணர்வது கடினம். மேலே சொன்ன கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்ததாக எண்ணிய அளவு, கேட்டவர்கள் கண்ட அளவைவிட மிகுதியாக இருந்தது. இதைப் பேசுவதற்கு முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள் என்பதே அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி.

எங்கள் குழுவில் இதைக் கைப்பேசியைக் கொண்டு சோதித்துப் பார்க்கிறோம். இரண்டு நிமிடம் பேசி ஒளிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அதைப் பார்ப்பதற்கு முன்னால், என்னென்ன குறைகள் தென்படும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: முகம் சிவந்திருக்கும், குரல் உடைந்திருக்கும் என்று எதுவாயினும். பிறகு முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல் பாருங்கள். எழுதியவற்றில் பெரும்பாலானவற்றைத் திரையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

பதற்றத்தை முதலில் அடக்கிவிட்டுத்தானே பேச வேண்டும்?

அடக்க முயன்றால் அடங்காது. "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொள்ளும்போதே அது அடங்கவில்லை என்பதும் உறுதியாகிக்கொண்டே போகும். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடவோ பேசவோ போகிறவர்களில் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். படபடப்பும் உற்சாகமும் உடலளவில் ஏறத்தாழ ஒன்றே. இதயம் இரண்டிலும் வேகமாகத்தான் துடிக்கிறது. வேகத்தைக் குறைப்பதைவிட அதன் பெயரை மாற்றுவது எளிது. முதல் பதிலில் சொன்ன நான்காவது ஊற்று இதுவே.

ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நல்ல பழக்கம்தானே?

இந்தக் கேள்வியில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலோரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மேடைப் பேச்சுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது நல்லது. உரையாடலின் நடுவே, மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் அடுத்த வாக்கியத்தை உள்ளுக்குள் இழைத்துக்கொண்டிருப்பது வேறு. அந்த நேரத்தில் அவர் சொன்னது காதில் விழுவதில்லை. உங்கள் வாக்கியம் தயாரானபோது பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, "எனக்குப் பேச வராது" என்று மறுபடியும் முடிவு செய்கிறீர்கள்.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவரும் 1995இல் முன்வைத்த விளக்கம் இதையே விரித்துச் சொல்கிறது. பிறர் முன் அஞ்சுகிறவரின் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. தான் எப்படித் தோன்றுகிறோம் என்று தன்னையே காவல் காக்கத் தொடங்குகிறார். கூடவே சில தற்காப்புச் செயல்களும் சேர்ந்துகொள்கின்றன: பார்வையைத் தவிர்ப்பது, நடுக்கம் தெரியாதபடி எதையாவது இறுகப் பிடித்துக்கொள்வது, வாக்கியங்களை எடைபோடுவது, விரைவாகப் பேசி முடிப்பது. பேச்சு நல்லபடியாக முடிந்தாலும், "எடைபோட்டுப் பேசியதால் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கு எழுதும். அந்தத் தற்காப்பு இல்லாமலும் தப்பித்திருக்கலாம் என்பது ஒருநாளும் தெரியவராது.

ஒரே நாளில் இரண்டு சிறு உரையாடல்களை மேற்கொள்ளுங்கள். முதலாவதில் வழக்கம்போல் ஒத்திகை பார்த்தே பேசுங்கள். இரண்டாவதில் ஒத்திகையை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதில் எது உங்களுக்குப் புதிது என்பதை மட்டும் தேடுங்கள். எந்த உரையாடல் இயல்பாக இருந்தது என்று பிறகு ஒப்பிடுங்கள். இரண்டாவது கடினமாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. மோசமாக இருந்தது என்று சொன்னவர்கள் மிகச் சிலரே.

பேச்சை எப்படித் தொடங்குவது? எனக்குச் சொல்ல எதுவுமே தோன்றுவதில்லை.

சுவையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். இருவர் கண்ணுக்கும் தெரியும் ஒன்றைப் பற்றிய எளிய வார்த்தையே போதும்; வரிசை நகரவில்லை என்பதுகூடத் தொடக்கம்தான். நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவது தனியே அமர்ந்திருப்பதைவிட இனிமை குறைந்ததாக இருக்கும் என்று பயணிகள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசச் சொல்லப்பட்டவர்களுக்கே பயணம் இனிமையாக அமைந்தது.

தொடர்வதற்கு வழி, அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பது. "வேலையை மாற்றிவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், "அப்படியா, நான்கூட..." என்று உடனே நம் கதைக்குத் தாவாமல், "முடிவெடுக்க நெடுநாள் யோசித்தீர்களா?" என்று கேளுங்கள். காதில் விழாத ஒன்றிலிருந்து இப்படி ஒரு கேள்வியை உருவாக்க முடியாது; முந்தைய பதிலில் ஒத்திகையை விடச் சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

பேச்சு நடுவே அமைதி விழுந்தால் எனக்கு உள்ளூர நடுங்குகிறது. என்ன செய்வது?

உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலுள்ள நேரம் மிகக் குறுகியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அது சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டது. ஆகவே இரண்டு வினாடி அமைதியே நீண்டதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த உறுத்தல் இருவருக்கும் உண்டு. அமைதியை நிரப்பும் பொறுப்பும் இருவருக்கும் உண்டு. அதை முழுவதுமாக நீங்களே சுமப்பதால்தான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் பிறகு வருந்த நேர்கிறது. மூச்சை ஒருமுறை முழுதாக வெளியே விடுங்கள். அதற்குள் பெரும்பாலும் அவரே தொடங்கிவிடுவார். இல்லையென்றால், முன்பு அவர் பாதியில் விட்ட செய்திக்குத் திரும்பலாம்: "அந்த வேலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்..."

பேச்சில் 93 விழுக்காடு உடல்மொழியும் குரலும்தானாமே? அப்படியானால் சொற்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பயிற்சி வகுப்புகளில் எதையும் விசாரிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எண் இது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து அது பிறந்தது. தனிச் சொல் ஒன்றை வெவ்வேறு குரலிலும் முகபாவத்திலும் சொல்லும்போது, சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்பதை மக்கள் எதைக் கொண்டு முடிவுசெய்கிறார்கள் என்பதே அங்கே ஆராயப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். முகம் ஒன்றும் சொல் வேறொன்றும் சொன்னால் மக்கள் முகத்தை நம்புவார்கள் என்பது மட்டுமே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றியும் இதனுடனேயே கேட்கிறார்கள். கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பேசும்போது யோசிப்பதற்காகப் பார்வை விலகுவது எல்லோருக்கும் இயல்பு. நொடிகளை எண்ணத் தொடங்கினால் கவனம் மறுபடியும் உள்ளே திரும்பிவிடும்.

துணிவு இருப்பது போல் நடித்தால் போதும் என்கிறார்களே?

இடுப்பில் கைவைத்து அகலமாக நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. அது உலகெங்கும் பரவியது. 2015இல் 200 பேரைக் கொண்டு செய்த மறுசோதனையில் அந்த ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டேனா கார்னியே 2016இல், அந்த விளைவு உண்மையென்று தாம் இனி நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். நிமிர்ந்து நிற்பதால் கேடொன்றும் இல்லை, குரலுக்கும் நல்லது. ஆனால் நடிப்பு என்று வந்துவிட்டால், நடிப்பைக் காவல் காக்கும் வேலையும் கூடவே வந்துவிடுகிறது. பயந்தபடியே செய்வது அதைவிட நேர்மையானது.

"முடியாது" என்று சொல்ல எனக்கு வராது. சொன்னால் உறவு கெட்டுவிடும் என்று பயம்.

மறுப்பதற்கு நீண்ட காரணம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே பலரை மாட்டிவிடுகிறது. "அன்று எனக்கு வேலை இருக்கிறது" என்றால், "அப்படியானால் மறுநாள்?" என்று வரும். காரணம் ஒவ்வொன்றும் பேரத்துக்கு ஒரு வாசல். "இதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலாது, மன்னியுங்கள்" என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்துங்கள். மறுபடி கேட்டால் அதே வாக்கியத்தை அதே மென்மையோடு திரும்பச் சொல்லுங்கள். புதிய காரணம் தேடாதீர்கள். அந்தக் கணத்தில் வாய் வராவிட்டால் "நாளை மாலைக்குள் சொல்கிறேன்" என்று நேரம் வாங்கி, சொன்னபடி சொல்லிவிடுங்கள். நேரம் வாங்கிவிட்டுப் பதில் சொல்லாமல் ஒளிவதுதான் மறுப்பைவிட உறவைக் கெடுக்கிறது.

பயிற்சிக்குச் சிறியவற்றிலிருந்து தொடங்குங்கள். பெரிய மறுப்பை முதல் மறுப்பாக வைத்துக்கொள்பவர்கள், நீந்தத் தெரியாமல் நடு ஆற்றில் குதிப்பவர்கள்.

கூட்டத்தில் நான் பேசத் தொடங்கினால் யாராவது குறுக்கே புகுந்துவிடுகிறார்கள். எப்படி மீட்பது?

"இந்த ஒன்றை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லி, குரலை உயர்த்தாமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கோபமும் மன்னிப்பும் இரண்டும் தேவையில்லை. சாரத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடும் பழக்கமும் உதவும். சுற்றிவளைத்து வருபவரின் பேச்சில்தான் குறுக்கீடு எளிது. மேலும், கூட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு சிறு கருத்தையோ கேள்வியையோ சொல்லிவிடுங்கள். கடைசி வரை காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் வாசற்படி உயர்ந்துகொண்டே போகும்.

யாராவது குறை சொன்னால் அன்று முழுவதும் உடைந்துபோகிறேன். இதற்குத் தடித்த தோல்தான் மருந்தா?

தோல் தடித்தால் நல்லதும் உள்ளே வராது. குறை பொதுப்படையாக வரும்போதுதான் ஆளையே உடைக்கிறது: "நீங்கள் சரியாகப் பேசுவதில்லை." அதை ஓர் இடத்துக்குக் கொண்டுவரும்படி கேளுங்கள்: "எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" அவரிடம் விடை இருந்தால் திருத்திக்கொள்ள ஒன்று கிடைத்தது. இல்லாவிட்டால், அது உங்களைப் பற்றியதைவிட அவருடைய அன்றைய மனநிலையைப் பற்றியது என்று கொள்ளலாம். உடனே ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ கடமை இல்லை; மேலே சொன்ன நேரம் வாங்கும் வழி இங்கும் பயன்படும்.

பேசிவிட்டு வந்தபின் இரவெல்லாம் அதையே அசைபோடுகிறேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

நீங்கள் நினைப்பதைவிட நல்லவிதமாகவே நினைத்திருப்பார் என்று சொல்ல அடிப்படை உண்டு. எரிக்கா பூத்பியும் பிறரும் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள் மற்றவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். இருவருமே அப்படி நினைத்தபடி எழுந்து போகிறார்கள் என்பதில் சிறிது வேடிக்கையும் இருக்கிறது.

அசைபோடுவது நிற்காவிட்டால் ஒரு தாளில் நடந்ததை ஒரு பக்கமும், நீங்கள் ஊகித்ததை மறுபக்கமும் எழுதுங்கள். "அவர் கடிகாரத்தைப் பார்த்தார்" என்பது நடந்தது. "என் பேச்சு அவருக்குச் சலித்துவிட்டது" என்பது ஊகம். தாள் நிறைந்ததும் எந்தப் பக்கம் நீளம் என்று பார்த்துவிட்டு மடித்து வையுங்கள்.

வெளியில் யாரிடமும் பேசிவிடுகிறேன். வீட்டில் மட்டும் வாய் திறக்க முடியவில்லை. இது ஏன்?

வெளியில் உங்களைப் புதிதாகப் பார்க்கிறார்கள். வீட்டில் பத்து வயதில் எப்படி இருந்தீர்களோ அப்படியே பார்க்கிறார்கள். நீங்களும் அந்த நாற்காலியில் போய் அமர்ந்துவிடுகிறீர்கள். இழப்பதற்கும் அங்கே அதிகம் உண்டு. ஆகவே இதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம். எல்லாவற்றிலும் கடினமான அரங்கு அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும், இருவரும் களைப்பில்லாத பொழுதில் பேசுங்கள். ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்த செயலைப் பற்றிப் பேசுங்கள். "எப்போதும்", "ஒருநாளும்" என்ற இரண்டு சொற்களையும் வெளியே வைத்துவிடுங்கள். குற்றம்சாட்டாமல் "நான்" என்று தொடங்கிப் பேசுங்கள் என்று கற்பிக்கிறார்கள்; நல்ல அறிவுரைதான். ஆனால் "நீங்கள் அக்கறையற்றவர் என்று நான் உணர்கிறேன்" என்பது போர்வை போர்த்திய குற்றச்சாட்டு. "எனக்கு முன்பே தெரிந்திருந்தால் திட்டமிட்டிருப்பேன், அடுத்த முறை ஒருநாள் முன்னதாகச் சொல்வீர்களா?" என்பதில் நடந்ததும் இருக்கிறது, வேண்டுவதும் இருக்கிறது.

எவ்வளவு முயன்றும் பயம் குறையவில்லை. எப்போது மருத்துவரிடம் போவது?

பிறர் முன் இருக்க நேரும் என்பதாலேயே வேலை, படிப்பு, நட்பு ஆகியவற்றைத் தவிர்க்கிறீர்கள், அது ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது கூச்சத்தின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். சமூகப் பதற்றக் கோளாறு என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட நிலை; 1980லேயே அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோயறி கையேட்டில் சமூக அச்சம் என்ற பெயரில் இடம்பெற்றது. அச்சத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்கு நன்கு பயனளிக்கிறது. ஒத்திகை பற்றிய பதிலில் சொன்ன கிளார்க், வெல்ஸ் விளக்கத்தின் அடிப்படையில் அமைந்த சிகிச்சை முறையும் அதில் ஒன்று. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. இத்தகைய நிலையில் இருப்பவரைப் பேச்சுப் பயிற்சிக் குழுவில் மட்டும் சேர்த்துவிட்டு முயற்சி போதாது என்று கடிவது தவறு. அந்தத் தவறை நானும் தொடக்கத்தில் செய்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் மட்டும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் எங்கே தவறினேன்?

எங்கும் தவறாமல் இருந்திருக்கலாம். ஒருமுறை, தனியே, நேராகக் கேளுங்கள்: "என்னால் ஏதேனும் வருத்தம் ஏற்பட்டதா?" ஆம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பக்க நியாயத்தை அன்றே அடுக்காதீர்கள். இல்லை என்றால் அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடுங்கள். இரண்டாம் முறை கேட்க வேண்டாம். அதன் பிறகும் அவர் விலகியே இருந்தால், எதிரே வரும்போது வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.